ஒரு கோல்கீப்பருக்கு என்னை மாற்றிவிட்டார்

ஜூன் 5, புதன்

மறுபடி சிரித்தார். என்னிடம் இல்லை, போனிடம்.

புதனும் ஞாயிறும் சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டால் என் வீட்டுக்காரர் கதிரேசன் இந்த வீட்டில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. உடம்பு மட்டும் சோபாவில் கிடக்கும். அவர் கம்பெனி ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஒரு ஃபுட்பால் லீக் நடத்துகிறார்கள். ஒருத்தரும் பந்தைக் காலால் தொடுவதில்லை. ஆளுக்கு ஓர் அணி, ஒவ்வொருவரும் மேனேஜர். தன் ஆட்கள் எங்கே நிற்க வேண்டும், எதிரணியில் யாரை எப்படி மடக்க வேண்டும் என்று முன்னாடியே போட்டு வைத்துவிட வேண்டும். ஏழு மணிக்குப் பச்சைத் திரையில் புள்ளி புள்ளியாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு அணியின் பெயர் நொய்யல் யுனைடெட்.

இன்றைக்குத் தோற்றுப்போனார். தோற்ற மனுஷன் சிரிப்பானா? சிரித்தார். "ரெஜினா ஆளுகள நிறுத்துன அழகப் பாரு புள்ள. என்ன மூளைங்கற!" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என் சமையலுக்கு அவர் கொடுத்த பெரிய பட்டம், "உப்பு சரியா இருக்குது."

இந்த ரெஜினா அவருடைய கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. போன ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குப் போனபோது பார்த்தேன். ஒல்லியாக இருந்தாள். பல்வரிசை நன்றாக இருந்தது. அதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பக்கத்திலேயே நின்று ரெஜினாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தவர் கவனிக்கவே இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

இன்றைக்கு வலியப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். துணி மடிக்கிற சாக்கு. திரையில் ரெஜினாவின் அணி, கடலோரம் எஃப்சி. நடுக்களத்தில் பத்தாம் நம்பர் போட்ட ஆளின் பெயர் அமுதவல்லி.

"ஏனுங்க, இது என்ற பேருதானுங்க?"

"ஆமா புள்ள, நீதான்."

விஷயம் இதுதான். இந்த லீக்கில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். சீசன் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து ஒருவர் பெயரில் ஓர் ஆட்டக்காரரைப் படைத்துக்கொள்ளலாம். வீட்டு ஆள் என்று பெயர். ராசிக்காம். ஒவ்வொரு திறமைக்கும் இருபதுக்கு இத்தனை என்று மேனேஜரே மதிப்பெண் போட வேண்டும். இவர் ஜனவரியில் என் பெயரை வைத்திருக்கிறார்.

எனக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்துதான் போனது. ஏன் எங்கள் மகள் பாப்பாவின் பெயரை வைக்கவில்லை என்று கேட்டேன்.

"பாப்பா பேர வெச்சு, அது அடிபட்டு விழுந்தா மனசு கேக்காதல்ல?"

நான் அடிபட்டு விழுந்தால் கேட்கும் போலிருக்கிறது. சரி, அதையும் விழுங்கினேன். "அப்பறம் நானு எப்படிங்க அந்த டீமுக்குப் போனேன்?"

"மாத்தி விட்டுட்டேன். எனக்கு ஒரு கோல்கீப்பர் கொறஞ்சான். ரெஜினாகிட்ட ஒருத்தன் சும்மா உக்காந்திருந்தான். உன்னயக் குடுத்துட்டு அவன வாங்கிக்கிட்டேன்."

வாழைத்தார் மாற்றியதைச் சொல்வது போல எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்! அந்தக் கோல்கீப்பராவது ஆடுகிறானா என்று பார்த்தேன். இங்கேயும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறான்.

பிறகு அவர் பாத்ரூம் போகும்வரை காத்திருந்து, ஜனவரியில் இவர் எனக்குப் போட்ட மதிப்பெண்களைத் தேடிப் பார்த்தேன். உழைப்பு இருபதுக்கு இருபது. பொறுமை பதினெட்டு. வேகம் ஆறு. கோல் அடிக்கும் திறமை இரண்டு. அந்த இரண்டை மட்டும் எதற்குப் பிச்சை போட்டார்?

ஜூன் 10, திங்கள்

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் குண்டூசி ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர். இன்றைக்குக் கழுத்துத் தையல் பிரிந்த பீஸ் ஒன்றை நல்ல பீஸ்களோடு போக விட்டேன். பேக்கிங்கில் இருக்கும் பெண் கொண்டுவந்து காட்டினாள். உழைப்பு இருபதுக்கு இருபதாம்.

ஜூன் 12, புதன்

லீக்கில் ஒரு மேனேஜர் வேலை மாறி வங்கதேசம் போய்விட்டார். அவருடைய அணி, அவிநாசி ரோடு லெவன், அநாதையாகக் கடைசி இடத்தில் கிடக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீயா?" என்று கேட்டவர் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. "சரி, வெளையாடு. உனக்கும் பொழுது போகோணுமல்ல."

எனக்கு எந்த நாளில் பொழுது போகாமல் இருந்தது என்று இவர் கண்டார்?

ஆனாலும் சொல்லிக்கொடுத்தார், அதை மறுக்கக் கூடாது. எதிரணி ஆட்டக்காரர் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே கட்டளை போடலாம். ஒட்டிக்கொண்டே நில். விடாமல் விரட்டு. வராத காலுக்குத் தள்ளு. கடுமையாக மோது. இந்தக் கடைசிக் கட்டளையைச் சொல்லும்போது மட்டும், "இதப் பாத்துப் போடோணும் புள்ள, மஞ்ச கார்டு, செவப்பு கார்டுன்னு நம்ம ஆளையே வெளிய அனுப்பிப் போடுவான்" என்றார். தலையாட்டினேன். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

மூன்றுக்குப் பூஜ்யம், தோல்வி. பாப்பாவுக்கு ஸ்கூலில் கலர் பேப்பர் கேட்டார்கள், மறந்துவிட்டேன். அதை வாங்கச் சாயங்காலம் கடைக்குப் போய்க் கறிவேப்பிலைக் கொத்தோடு திரும்பினேன்.

ஜூன் 23, ஞாயிறு

இன்றைக்கு ரெஜினாவோடு எனக்கு ஆட்டம். மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பதினொரு பேரையும் வரிசையாகப் பார்த்தேன். யாரை மடக்கினால் அவளுக்கு வலிக்கும்? கோல் அடிக்கிறவர்கள் பலபேர். ஆனால் ஒவ்வொரு பந்தும் கிளம்புவது ஓர் இடத்திலிருந்துதான். பத்தாம் நம்பர், அமுதவல்லி.

அவளை இரண்டு பேர் ஒட்டி நிற்க வேண்டும் என்று போட்டேன். விரட்டு என்று போட்டேன். கடுமையாக மோது என்றும் போட்டேன். என் பெயர்தான், ஆனால் அவள் வீட்டில் அல்லவா வாழ்கிறாள், கொழுப்பெடுத்தவள்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே என் ஆள் ஒருவன் அமுதவல்லியை எகிறி உதைத்துச் சிவப்பு கார்டு வாங்கி வெளியே போனான். மிச்சம் பத்துப் பேர். அவளையே சுற்றிக்கொண்டு இரண்டு பேர் நிற்க, மற்ற இடமெல்லாம் மைதானமாகத் திறந்து கிடந்தது. ஐந்து கோல் வாங்கினேன்.

கதிரேசன் சோபாவில் உருண்டு சிரித்தார். "உன்னைய நீயே ஒதைக்கச் சொன்னயா புள்ள?" என்றார். சொல்லி முடிக்குமுன் ரெஜினாவுக்குப் போன் போட்டாகிவிட்டது. நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

பிறகு என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது, புது நம்பர். "அக்கா, நான் ரெஜினாவாக்கும். உங்கள நீங்களே எதுக்கு இப்பிடி அடிக்கிய? பாவம் அந்தப் பிள்ள, ரெண்டு வாரம் ஆட முடியாது."

பாவமாம். என் பெயருக்கு அவள் பாவம் பார்க்கிறாள்.

ஜூன் 26, புதன்

எதிரியை வெல்ல எதிரியைப் படிக்க வேண்டும். அதற்காகத்தான் ரெஜினாவுக்குப் பதில் போட்டேன், வேறு எதற்கும் இல்லை. அமுதவல்லியை ஏன் நடுக்களத்தில் நிறுத்தியிருக்கிறாய் என்று கேட்டேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. குரல் நன்றாகத்தான் இருக்கிறது.

"சார் தரும்போது அந்தப் பிள்ள லெஃப்ட் பேக்காக்கும் அக்கா, பின்னால எடது ஓரம். அங்க நின்னு ஓடு ஓடுன்னு ஓடிக்கிட்டே கிடந்தா. ஒருத்தரும் பந்து குடுக்கல. நான் பாத்தேன், இவ்வளவு பொறும இருக்க பிள்ளைக்குப் பந்து கால்ல நிக்கும். நடுவுல கொண்டு நிறுத்தி, பாஸுக்கு ட்ரெயினிங் குடுத்தேன். மாசம் மாசம் நம்பர் ஏறிச்சு. இப்ப பாஸு பதினாறு. கோலு கூட ரெண்டுல இருந்து ஒம்பது வந்தாச்சு. கொள்ளாம்லா?"

கொள்ளாம் என்றால் அவர்கள் ஊரில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தமாம். நான் அதை இன்னொரு தடவை கேட்டேன். தகவலுக்காக.

ஜூலை 6, சனி

ரெஜினாவை பேக்கரியில் சந்தித்தேன். அவளுடைய ஆட்டத்தை உளவு பார்க்கத்தான். டீயும் தேங்காய் பன்னும். நேரில் பார்த்தால் இன்னும் ஒல்லி.

"எங்க ஊர்ல பிள்ளைக்கு மொதல்ல பந்து, பொறவுதான் பாலு" என்றாள். அண்ணன்மார் மூன்று பேரும் கடற்கரை மணலில் ஆடுவார்களாம். இவளை ஆட விடமாட்டார்களாம். ஓரத்தில் நின்று பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டாளாம். இதைக் கேட்டதும் தின்ற பாதிப் பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பன் காய்ந்திருந்தது, அதனாலாக இருக்கும்.

டீ சொல்லும்போது, "சாரும் இப்பிடித்தான், சீனி கம்மி" என்றாள். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று இவளுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஆபீஸ், தினமும் டீ வருகிறது, தெரியாமல் இருக்குமா. இருந்தாலும்.

நேராகவே கேட்டுவிட்டேன். "அவரு உன்னோட அப்படி என்ன கண்ணு சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாரு?"

அவள் டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். "தோத்தா சார் சிரிப்பாரு அக்கா. தோத்தது தெரியாம இருக்க. ஜெயிச்சா எனக்கு ஒரு மெசேஜும் வராது, பாத்துக்கிடுங்க."

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஒன்பது வருடமாக நான் பார்க்காத சிரிப்பா அது? அதை அவள் கண்டுபிடித்து எனக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கும் வயிறு எரிகிறது.

ஜூலை 10, புதன்

ஜெயித்தோம்! இரண்டுக்குப் பூஜ்யம். எதிரணியின் வலது ஓரத்துக்காரனுக்கு இடது கால் வராது. இடது காலுக்கே தள்ளு என்று போட்டேன். ஆட்டம் முழுவதும் தடுமாறினான். மோது என்று யாருக்கும் போடவில்லை.

கதிரேசனுக்குச் சொல்லும் முன்னால் ரெஜினாவுக்குச் சொல்லிவிட்டேன். எதிரிக்கு நம்மேல் நம்பிக்கை வர வேண்டும் இல்லையா, அதற்காக.

ஜூலை 14, ஞாயிறு

மறுபடி ஜெயித்தோம். "குருட்டு அதிர்ஷ்டம்" என்றார். ரெஜினா ஜெயித்தால் மூளை.

ஜூலை 25, வியாழன்

லீக்கில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் வாரம் இது. ரெஜினா போன் செய்தாள். கதிரேசன் அமுதவல்லியைத் திருப்பிக் கேட்கிறாராம். பதிலுக்கு மூன்று பேரைத் தருகிறாராம்.

கேட்டதும் எனக்குள் என்ன நடந்தது என்று எழுதமாட்டேன். நேராகப் போய், "ஏனுங்க, என்னைத் திருப்பிக் கேட்டீங்களாமா?" என்றேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா."

"ஏனுங்க?"

ஒன்றே ஒன்று சொன்னால் போதும். நீ இல்லாமல் டீம் என்னவோ போல இருக்கிறது என்றால் போதும். பொய்யாகச் சொல்லியிருந்தாலும் போதும்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, "இப்ப நல்லா ஆடுதல்ல, அதான்" என்றார்.

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. மாகாளியம்மன் கோயிலில் கூழ் வாங்கிக்கொண்டு வரும் வழியில் ரெஜினாவைக் கூப்பிட்டேன்.

"என்னை என்ற டீமுக்குக் குடு கண்ணு."

அந்தப் பக்கம் மேஜையில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. அவளும் கதிரேசனும் ஒரே புள்ளியில் முதலிடத்தில் நிற்கிறார்கள். கடைசி ஆட்டம் அவளுக்கு ஒரு சோப்ளாங்கி அணியோடு. கதிரேசனுக்கு என் அணியோடு. அவர் என்னிடம் ஜெயிக்காவிட்டால் கோப்பை அவளுக்கு. கணக்குப் போடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. என்னை வைத்து அவரை வெட்டப் பார்க்கிறாளோ? பார்க்கட்டும். வெட்ட வேண்டியதை நான்தான் வெட்டப்போகிறேன்.

"தாறேன் அக்கா. வெல வேணும்லா?"

"என்ன வெல?"

"பழைய வெலதான். ஒரு கோல்கீப்பர்."

நடுரோட்டில் கூழ்த் தூக்கோடு நின்று அப்படிச் சிரித்தேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 28, ஞாயிறு

"உனக்கா குடுத்தா? நானு மூணு பேரத் தாரேன்னு சொன்னனே!" என்று குதித்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்பைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பதினெட்டு. பச்சைப்பயறுப் பாயசம் வைத்தேன். இரண்டாம் தம்ளர் குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் ஆட்டமல்ல."

"ஆமாங்க."

"உனக்கு ஜெயிச்சாலும் ஒண்ணுதான், தோத்தாலும் ஒண்ணுதான். ஆறாவது எடம். எனக்குக் கப்பு. வீட்டுக்குள்ளதான புள்ள, கொஞ்சம் விட்டுக் குடு. நாலு சோதா ஆளுகள எறக்கி உடு, போதும்."

முந்திரியைப் பொறுக்கி அவர் தம்ளரில் போட்டேன். விட்டுக்கொடுப்பதற்கு மதிப்பெண் இருந்தால் அதிலும் எனக்கு இருபது போட்டிருப்பார்.

பதில் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டார். பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம் என்பது இந்த வீட்டில் நெடுநாள் வழக்கம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மதியம் அவர் தூங்கும்போது உட்கார்ந்து யோசித்தேன். நான் ரெஜினாவின் அணியை மட்டும்தான் படித்தேன் என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இவரை நான் ஒன்பது வருடமாகப் படிக்கிறேன். கோபம் வந்தால் வார்த்தை வராது, கை வேகமாகப் போகும். கதவைச் சாத்துவார், டம்ளரை வைக்கிற சத்தம் கேட்கும். அமுதவல்லி தனக்குக் கிடைக்கவில்லை என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தில் அவள் பெயருக்கு நேரே என்ன கட்டளை போடுவார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? நானே போட்டவள்தானே.

மைதானத்தின் நடுவில் மோதினால் வெறும் ஃப்ரீ கிக். கோலுக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் மோதினால் பெனால்டி, கோல்கீப்பரை மட்டும் எதிரே வைத்து அடிக்கலாம். அமுதவல்லியை நடுக்களத்திலிருந்து எடுத்து நேராக அவருடைய கோலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். பெனால்டி வந்தால் யார் அடிப்பது என்ற இடத்திலும் அவள் பெயரையே போட்டேன்.

ஏழு மணி. அவர் சோபாவின் அந்த முனை, நான் இந்த முனை, நடுவில் பாப்பா முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். முதல் பாதியில் ஒன்றுமில்லை. என் ஆட்கள் எல்லாரும் பின்னாலேயே நின்று தடுத்தார்கள். "ஏம்புள்ள, சோதா ஆளுகளக் காணமே?" என்றார். "எல்லாரும் சோதாதானுங்க" என்றேன்.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து அமுதவல்லியின் காலுக்கு வந்தது. வந்ததுமே அவருடைய ஆள் பாய்ந்து விழுந்தான். விசில். திரையில் சிவப்பாக ஒரு சதுரம், பக்கத்தில் பெனால்டி என்ற எழுத்து.

"என்னை மோதச் சொன்னீங்களா?" என்றேன்.

"கேமுதான புள்ள."

"கடுமையாவா?"

அவர் பாப்பாவின் முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஜூன் மாதம் நானும் இதையேதான் செய்தேன் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

அமுதவல்லி பந்தை எடுத்து வைத்தாள். கோலுக்குத் திறமை ஒன்பதுதான். கதிரேசன் கொடுத்த இரண்டு, ரெஜினா கொடுத்த ஏழு. சாமி, இது போதும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சின்னப் புள்ளி ஓடியது.

கோல்.

"அம்மா கோல் போட்டாங்க!" என்று பாப்பா முறுக்கை வீசிவிட்டுக் குதித்தாள். ஒன்றுக்குப் பூஜ்யம். அப்படியே முடிந்தது. அவளும் தன் ஆட்டத்தில் ஜெயித்திருந்ததால் கோப்பை ரெஜினாவுக்கு.

அவர் சிரிக்கவில்லை. தோற்றும் சிரிக்கவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்தார். தைத்த இடம் தெரியாத துணியை நான் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தார். "நீயே யோசிச்சயா?" என்று கேட்டார்.

"குருட்டு அதிர்ஷ்டமுங்க" என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

சமையலறையில் ரெஜினாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் நிலைக்கதவில் கதிரேசன் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"யாருகூட அத்தன சிரிப்பு?"

"ரெஜினாகூடங்க."

"அப்படி என்ன பேச்சு?"

"சும்மாங்க."

போகாமல் நின்றார். பிறகு எட்டி அடுப்பை அணைத்தார். பால் பொங்கிக்கொண்டிருந்ததாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புது சீசன். வீட்டு ஆள் யார் என்று எல்லாரும் பெயர் கொடுக்க வேண்டிய நாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததிலிருந்து அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டே இருந்தார். தண்ணீர் குடிக்க வந்தார். கண்ணாடி தேட வந்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

"பாப்பா பேரா வெச்ச?"

"பாப்பாவுக்கு அடிபட்டா மனசு கேக்காதுங்களே."

"அப்பறம்?"

கதிரேசன் என்று அடித்தேன். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மதிப்பெண் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகம் பதினான்கு போட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. பொறுமை ஐந்து போட்டேன், தொண்டையைச் செருமினார். பந்தைப் பார்க்கும் பார்வை என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே வந்ததும் என் விரல் நின்றது. அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தார். மூன்று போட்டேன். பிறகு, போனால் போகிறது என்று நான்காக்கினேன். ட்ரெயினிங் கொடுத்தால் ஏறும்.

"மொத ஆட்டத்துல எறங்குவனா?" என்று கேட்டார்.

"இப்பத்திக்கு பெஞ்சுல உக்காருங்க. பாக்கலாம்."

கொஞ்ச நேரத்தில் ரெஜினாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, சார உங்க டீம்ல பாத்தேன். எனக்கு ஒரு ஓட்டக்காரன் கொறையுது. மாத்தி விடுகியளா? நல்ல கோல்கீப்பர் ஒருத்தன் தாறேன்."

விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள். எனக்குத் தெரியும். அவள் நல்ல பெண், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் பதில் டைப் செய்யும்போது விரல் கொஞ்சம் வேகமாகத்தான் போனது.

முடியாது கண்ணு. பெஞ்சில் உட்கார்ந்தாலும் என் பெஞ்சில் உட்காரட்டும்.